ஆறு வீடு, ஐந்து ஊர், ஒரே பந்தி: வீடியோவில் விருந்து வைப்பது எப்படி?

மாம்பலவாசி (கேள்வி)

வணக்கம். கல்லூரி நண்பர்கள் ஆறு குடும்பம். சென்னையில் இரண்டு வீடு. சிங்கப்பூர், துபாய், லண்டன், டொராண்டோவில் ஒவ்வொன்று. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவரவர் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் சேர்ந்து, எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஏற்பாடு என் பொறுப்பு. வழக்கமான குரூப் கால் மாதிரி பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கலைவதாக இருக்கக் கூடாது, உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தியாகவே இருக்க வேண்டும் என்று ஆசை.

எந்த நேரம் ஒத்துவரும்? எல்லா ஊரிலும் செய்யக்கூடிய மெனு எது? (சைவம் மட்டும். இரண்டு வீட்டில் சனிக்கிழமை அசைவம் கிடையாது.) எந்த ஆப்? சேர்ந்து சமைப்பதா, சமைத்து முடித்துவிட்டு உட்காருவதா?

பெரியவர்கள் 14 பேர், 8 முதல் 12 வயதுக்குள் பிள்ளைகள் 5 பேர். லண்டன் நண்பர் தனியாக இருக்கிறார். சென்னை வீடு ஒன்றில் அப்பா அம்மாவும் உட்காருவார்கள், அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஈஸ்ட்ஹாம் சிவா

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு ராத்திரிச் சாப்பாடு, இன்னொருவருக்குக் காலைப் பலகாரம் என்று ஆகும்போது மெனுவே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

உங்கள் ஐந்து ஊருக்கும் சென்னை இரவு 7 மணி பொருந்தும். அப்போது சிங்கப்பூரில் இரவு 9.30, துபாயில் மாலை 5.30. லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30, கோடையில் 2.30. டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 8.30, கோடையில் 9.30. இதை 8 மணிக்குத் தள்ளினால் சிங்கப்பூரில் 10.30 ஆகிவிடும், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். 6 மணிக்கு இழுத்தால் டொராண்டோவில் விடியுமுன் எழுந்து அடுப்பு பற்ற வைக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களை மட்டும் மாலை 6 மணிவாக்கில் ஏதாவது கொறித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் தேதி வைத்தால் கவனம் தேவை. இந்தியாவும் சிங்கப்பூரும் அமீரகமும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். பிரிட்டனில் அதுவே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் நடுவே வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். போன தடவை பார்த்த கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வருவது இந்த வாரங்களில்தான் நடக்கும். சென்னை நேரத்தை அச்சாக வைத்துக்கொண்டு, அழைப்பில் ஐந்து ஊர் நேரத்தையும் தனித்தனி வரியாக எழுதி அனுப்புங்கள். கூகுள் காலண்டர் அழைப்பும் சேர்த்து அனுப்பினால் அதுவே அவரவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும்.

சனிக்கிழமையே நல்ல தேர்வு. ஞாயிறு என்றால் சிங்கப்பூரில் மறுநாள் அலுவலகத்தை நினைத்துக்கொண்டே உட்காருவார்கள். நோன்பிருக்கும் நண்பர் யாராவது உண்டென்றால் ரமலான் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். லண்டன் பிற்பகலிலும் டொராண்டோ காலையிலும் அவர்களால் வாயில் எதுவும் வைக்க முடியாது.

ஆப் விஷயத்தைத் துபாய்தான் தீர்மானிக்கும். வாட்ஸ்அப் வீடியோவில் 32 பேர் வரை சேரலாம், எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, ஃபேஸ்டைமும் அப்படித்தான். ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் மூன்றும் அங்கே ஓடும். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிஷத்தில் துண்டிக்கும். மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிஷம். சந்தா கட்டிய கணக்கு அழைப்பைத் தொடங்குகிறவருக்கு மட்டும் இருந்தால் போதும், மற்றவர்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒரு மாதச் சந்தாவை ஆறு வீடும் பகிர்ந்துகொள்ளலாம். கட்ட வேண்டாம் என்றால் சாப்பாட்டையே வரம்புக்கேற்பப் பிரியுங்கள்: முதல் 40 நிமிஷம் பொங்கலோ என்னவோ அந்த முக்கியப் பலகாரம், துண்டித்ததும் பத்து நிமிஷம் கை கழுவி மேசையைத் துடைக்கும் இடைவேளை, பிறகு இரண்டாவது லிங்கில் பாயசமும் விளையாட்டும். இரண்டு லிங்கையும் முதலிலேயே அனுப்பிவிட வேண்டும். துண்டித்த பிறகு அனுப்பினால் ஆளாளுக்குப் போனைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஜூமில் 'வெயிட்டிங் ரூம்' வசதியை அணைத்து, பாஸ்கோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பைத் தொடங்கியவர் சமையலறையில் இருக்கும்போது வாசலில் நான்கு பேர் காத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. சந்தாக் கணக்கு என்றால் இன்னொரு வீட்டுக்காரரைக் கோ-ஹோஸ்ட் (அழைப்பை உடன் நடத்துபவர்) ஆக்கிவிடுவதும் நல்லது.

சமையற்கட்டு

சிவா சொன்ன நேரத்தைப் பார்த்தாலே மெனு தெரிந்துவிடுகிறது: டிபன். காலையிலும் ராத்திரியிலும் ஒரே பலகாரத்தைச் சாப்பிடுவது நமக்குப் பழக்கம். டொராண்டோவில் காலை 9.30க்கு சாம்பார் சாதமும் பொரியலும் இறங்காது, டிபன் இறங்கும்.

டிபனிலும் தோசை, அடை, ஆப்பம், பூரி வேண்டாம். அடுப்பை விட்டு நகர முடியாத எதுவும் இந்தப் பந்திக்கு ஆகாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கடைசிவரை கல்லுக்கு முன்னால் நிற்பார், அவர் முகம் திரையில் வராது, அவர் உட்காரும்போது மற்றவர்கள் கை கழுவியிருப்பார்கள். அது யாராக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவரையும் உட்கார வைக்கத்தான் இந்த மெனு. இட்லியும் வேண்டாம். குளிரில் லண்டனிலும் டொராண்டோவிலும் மாவு புளிப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு வீட்டில் பொங்காவிட்டால் 'ஒரே சாப்பாடு' என்பது போய்விடும்.

வெண்பொங்கல், கத்திரிக்காய் கொத்சு, தேங்காய்ச் சட்னி, சேமியா பாயசம். நான்கும் பந்திக்கு முன்பே முடிந்துவிடும். சாமானும் எல்லா ஊரிலும் கிடைக்கும்: சிங்கப்பூரில் தேக்கா, துபாயில் கராமா, லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், டொராண்டோவில் ஸ்கார்பரோ. டொராண்டோக்காரர் வெள்ளிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

அளவைக் கப்பில் சொல்லாதீர்கள், கிராமில் சொல்லுங்கள். அமெரிக்கக் கப் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, நம் ஊர் டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. ஒரே குறிப்பை வைத்து ஒரு வீட்டில் கஞ்சியும் இன்னொரு வீட்டில் பருப்புச் சாதமும் ஆவது இதனால்தான்.

நான்கு பெரியவர்களுக்கு:

பொங்கல்: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், தண்ணீர் 1.3 லிட்டர், உப்பு ஒன்றரை டீஸ்பூன். தாளிக்க நெய் 60 மில்லி, மிளகு 2 டீஸ்பூன் (பாதியை ஒன்றிரண்டாகத் தட்டியது), சீரகம் 2 டீஸ்பூன், பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, முந்திரி 20, கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு, பெருங்காயம் கால் டீஸ்பூன்.

பருப்பை வாசம் வரும்வரை மட்டும் வறுங்கள். சிவந்தால் குழையாது. அரிசியோடு சேர்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். விசில் எண்ணாதீர்கள். மின்னடுப்பில் விசில் மெதுவாகத்தான் வரும், ஐந்து விசிலுக்குள் அடி பிடித்துவிடும். பிரஷர் ஏறியதும் தணலைக் குறைத்து 12 நிமிஷம், பிறகு அணைத்து, ஆவி தானாக அடங்கட்டும். சுருள் வகை மின்னடுப்பு அணைத்த பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கும், குக்கரைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். பாஸ்மதி எடுக்காதீர்கள், அது உதிரியாக நிற்கும், எவ்வளவு மசித்தாலும் ஒட்டாது. சோனா மசூரி பச்சரிசி எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

பொங்கல் ஆற ஆற இறுகும். குக்கரைத் திறக்கும்போது 'கொஞ்சம் தளர்ந்துவிட்டதே' என்று தோன்றும் பதம்தான் தட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும். பேச்சில் நேரம் போகும் என்பதால் பக்கத்திலேயே ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை பரிமாறும் முன் கிளறிக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகப் பிரியும்.

கொத்சு: கத்திரிக்காய் 300 கிராம், பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, நெல்லிக்காய் அளவு புளி, பாசிப்பருப்பு 50 கிராம், சாம்பார் பொடி 2 டீஸ்பூன், தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். கடையில் வாங்கிய புளிக் கரைசல் என்றால் 1 டீஸ்பூனில் தொடங்கி ருசி பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி காட்டம் வேறு. முந்தின நாளே செய்து வைக்கலாம், மறுநாள் இன்னும் சேர்ந்து நிற்கும். லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இது பெரிய உதவி.

சட்னிக்கு உறைந்த தேங்காய்த் துருவல் எடுப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். சில்லென்று அரைத்தால் தேங்காயின் கொழுப்பு திரண்டு, சட்னி மேல் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். மிக்ஸி வேலை எல்லாம் அழைப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பாயசம்: சேமியா 75 கிராம், பால் 1 லிட்டர், சர்க்கரை 120 கிராம், ஏலக்காய் 3. ஒரு லிட்டர் பாலில் 200 மில்லியைத் தனியே காய்ச்சி எடுத்து வைத்துவிடுங்கள். சேமியா உட்கார்ந்த இடத்திலேயே பாலை உறிஞ்சும். பொங்கல் முடிந்து பாயசத்துக்கு வரும்போது அது கேசரி மாதிரி ஆகியிருக்கும், அந்தப் பாலை ஊற்றித் தளர்த்தலாம்.

லண்டன் நண்பர் ஒருவருக்கு மட்டும் என்றால் அரிசி 50, பருப்பு 25 கிராம், தண்ணீர் 350 மில்லி. இவ்வளவு குறைவை நேராகக் குக்கரில் போட்டால் அடி பிடிக்கும். சின்னப் பாத்திரத்தில் எடுத்து, குக்கருக்கு அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, உள்ளே வைத்து 15 நிமிஷம்.

பந்தி 7 மணிக்கு என்றால் (சென்னைக் கணக்கு) பின்னாலிருந்து எண்ணுங்கள். 5.30க்கு பாயசம் முடிந்திருக்க வேண்டும். 5.45க்கு குக்கர் ஏறட்டும். அது வேகும்போது கொத்சு. 6.25க்குள் சட்னி அரைத்து மிக்ஸி கழுவியாயிற்று. 6.30க்கு குக்கரைத் திறந்து மசித்து மூடி வையுங்கள். 6.35க்கு அடுப்பை விட்டு வெளியே வந்து முகம் கழுவி உடை மாற்ற வேண்டும். கடைசி இருபது நிமிஷத்தில் சமையல் வேலை எதையும் மிச்சம் வைக்காதீர்கள், அந்த இருபது நிமிஷம் இணைப்பைச் சரிசெய்யவே போகும்.

மாம்பலவாசி

சிவா, சமையற்கட்டு, இருவருக்கும் மிக்க நன்றி. நேரமும் மெனுவும் அப்படியே குழுவில் போட்டுவிட்டேன், எல்லாருக்கும் சம்மதம். மூன்று சந்தேகம். டொராண்டோவில் இருப்பது இன்ஸ்டன்ட் பாட். சிங்கப்பூர் வீட்டில் தாய்லாந்து மல்லிகை அரிசிதான் எப்போதும் இருக்குமாம், அது போதுமா என்று கேட்கிறார்கள். இரண்டு பேருக்குச் சேர்ந்து சமைக்கத்தான் ஆசை. அதை முழுக்க விட்டுவிட வேண்டுமா?

சமையற்கட்டு

இன்ஸ்டன்ட் பாட்டில் ஹை பிரஷர் 12 நிமிஷம், பிறகு 15 நிமிஷம் தானாக ஆவி இறங்கட்டும். உடனே வால்வைத் திறந்தால் கஞ்சி பொங்கி வால்வு வழியே தெறிக்கும். அந்தப் பாத்திரம் சூடேறிப் பிரஷர் பிடிக்கவே 10 நிமிஷத்துக்கு மேல் ஆகும், ஆகவே மொத்தம் 40 நிமிஷம் என்று கணக்கு வையுங்கள். தண்ணீரில் 150 மில்லி குறைக்கலாம், அதில் ஆவியாகி வெளியேறுவது குறைவு.

மல்லிகை அரிசி தாராளமாகப் போதும். பச்சரிசியை விடக் கூடுதலாகவே ஒட்டும். தண்ணீர் 1.1 லிட்டர் ஊற்றுங்கள். அதன் வாசனை பொங்கலில் தெரியும், மிளகும் சீரகமும் கால் பங்கு கூடப் போட்டால் அமுங்கிவிடும்.

தேன்மொழி

சேர்ந்து சமைக்கும் ஆசையை விட வேண்டாம், தாளிப்பை மட்டும் சேர்ந்து செய்யுங்கள். மொத்தச் சமையலையும் திரைக்கு முன்னால் செய்தால் ஆறு அடுப்பு ஆறு வேகத்தில் போகும், ஒருவர் காத்திருப்பார், ஒருவர் தீய்ப்பார். தாளிப்பு நாலு நிமிஷ வேலை. 6.55க்கு எல்லாரும் இணைந்ததும் ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து வைத்துச் சொல்ல வேண்டும், மற்ற ஐந்து வீடும் மைக்கை மூடிவிட வேண்டும்.

வரிசை இது. நெய் உருகட்டும், முந்திரி போட்டு இளம் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். அதே நெய்யில் மிளகு, ஒன்றிரண்டு வெடித்ததும் சீரகம், உடனே இஞ்சி, அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலையும் பெருங்காயமும், பொங்கல் மேல் கொட்டிக் கிளறுங்கள். கறிவேப்பிலையைக் கழுவினால் துணியில் துடைத்துவிட்டே போட வேண்டும், ஈரம் இருந்தால் நெய் தெறிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். மின்னடுப்புக்காரர்கள் சீரகம் போட்டதுமே கரண்டியை அடுப்பிலிருந்து தூக்கிவிடட்டும். போனை அடுப்பிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளிப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். நேர் மேலே பிடித்தால் ஆவியில் லென்ஸ் மங்கிவிடும்.

அதன் பிறகு அந்தப் போனை எடுத்துக்கொண்டே மேசைக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு வேறு கருவி முதலிலேயே நிறுத்தி வைத்து, கேமரா கோணம் பார்த்திருக்க வேண்டும். அதில் இணைந்ததும் போனை அழைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பந்தியைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். நேரில் 19 பேர் உட்கார்ந்தால் அங்கே நாலைந்து பேச்சு ஒரே நேரத்தில் ஓடும், பக்கத்தில் இருப்பவரோடு தனியாகச் சிரிக்கலாம். வீடியோவில் ஒரே ஒரு பேச்சுதான் ஓட முடியும். ஒருவர் பேச 18 பேர் கேட்க வேண்டும். சாப்பிடும் அரைமணி நேரம் இது பரவாயில்லை, வாயில் சோறு இருக்கும்போது கேட்பது சுகம்தான். அதற்கு மேல் நீண்டால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆகவே பாயசத்துக்குப் பிறகு ஜூமின் 'பிரேக்அவுட் ரூம்' போட்டு இரண்டிரண்டு வீடாக 15 நிமிஷம் பிரித்துவிடுங்கள். ஒரு தடவை கலைத்து மறுபடியும் 15 நிமிஷம். எல்லாரும் மனம்விட்டுப் பேசுவது அங்கேதான். பிள்ளைகள் ஐந்து பேருக்கும் தனி அறை கொடுங்கள், ஒவ்வொரு வீட்டிலும் அவர்களுக்கு இன்னொரு கருவி இருந்தால் மட்டும் (அது வேறு அறையில் இருக்க வேண்டும், காரணத்தை ஒலி தெரிந்தவர்கள் சொல்வார்கள்).

லண்டன் நண்பரை முதல் சுற்றில் சென்னை வீட்டோடு சேருங்கள், அப்பா அம்மா இருக்கும் வீட்டோடு. மற்ற கட்டங்களில் மூன்று நான்கு முகம் தெரிய, ஒரு கட்டத்தில் ஒரே ஒருவர் சாப்பிடுவது பார்க்கிறவருக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். அவருக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். தாளிப்பைச் சொல்லித் தருபவராகவோ விளையாட்டை நடத்துபவராகவோ அவர் இருந்தால், எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

விளையாட்டில் யார் முதலில் சொல்வது என்ற போட்டி வேண்டாம். இணைப்புத் தாமதத்தால் டொராண்டோ எப்போதும் தோற்கும். விடையைத் தாளில் பெரிதாக எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுவது நியாயமானது. பேசாமல் நடித்துக் காட்டிப் படப்பெயர் கண்டுபிடிப்பது மிக நன்றாக வரும். பாட்டுக்குப் பாட்டும் வரும், ஏனென்றால் அது முறைவைத்துப் பாடுவது. எல்லாரும் சேர்ந்து பாடுவது மட்டும் நடக்கவே நடக்காது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு வீடு மட்டும் பாடட்டும், மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டுக் கூடவே பாடிக்கொள்ளலாம்.

ஒலிக்கூடம் பாலா

தேன்மொழி சொன்னதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். குரல் போய்ச் சேர ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அமைப்பின் ஜி.114 பரிந்துரை. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதனால் நேர்க்கோட்டில் போனாலே 65 மில்லி விநாடி. உண்மையான கேபிள் வழி இன்னும் நீளம், ஆப் ஒலியைச் சுருக்கி விரிக்கும் நேரம் வேறு. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க' என்று சொல்லிக்கொள்வது இதனால்தான். கேள்வியைப் பொதுவாகப் போடாமல் 'துபாய் வீடு என்ன சொல்றீங்க?' என்று ஊர் பெயர் சொல்லிக் கேட்டால் பாதி மோதல் குறையும்.

படம் மங்கினால் விருந்து நடக்கும், ஒலி கெட்டால் நடக்காது. அதனால் ஒரு அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். அதே அறையில் இரண்டாவது கருவி ஒலியோடு இணைந்தால் காதைப் பிளக்கும் ஊளை கிளம்பும். மைக்கை மட்டும் மூடினால் போதாது, ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும். பிள்ளைகளின் கருவி வேறு அறையில் இருக்க வேண்டியது இதனால்தான்.

எதிரொலி கேட்டால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: தன் குரலே திரும்பக் கேட்கிறவர் வீட்டில் பழுது இல்லை, வேறு யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வீடாக மைக்கை மூடிப் பாருங்கள். எந்த வீடு மூடியதும் எதிரொலி நின்றதோ அந்த வீட்டு ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

லேப்டாப்பை மேசைமேல் வெறுமனே வைத்தால் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் இடிக்கும் ஒவ்வொரு சத்தமும் மேசைப் பலகை வழியே மைக்குக்குப் போகும். நாலாக மடித்த துண்டின் மேல் வையுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். ஜூமின் ஒலி அமைப்பில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் அளவு இருக்கும். சாப்பிடும்போது நடுத்தரத்தில் வையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட், சீலிங் ஃபேன் போன்ற ஒரே சீரான சத்தத்தை அது நன்றாகவே நீக்கும். உச்சத்தில் வைத்தால் தட்டுச் சத்தம் போகும், கூடவே சிரிப்பும் போகும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் குரல் வெட்டி வெட்டி வரும். பாட்டுக்குப் பாட்டின்போது பாடுகிறவர் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிப் பாடும் ஸ்வரத்தை ஆப் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு நறுக்கிவிடும்.

கேமரா உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், முகத்திலிருந்து ஒரு மீட்டர் முதல் ஒன்றே கால் மீட்டருக்குள். லேப்டாப் என்றால் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருக்கும். நான்கு பேர் என்றால் மேசையின் ஒரு முனையில் வைத்து, இரண்டு பக்கமும் இருவராக உட்காருங்கள், ஒரே பக்கம் நெருக்கி உட்கார்ந்தால் கடைசி ஆள் பாதி வெளியே போய்விடுவார். போன் என்றால் கிடைமட்டமாக. தரையில் இலை போட்டு உட்காரும் வீட்டில் அரை மீட்டர் உயர முக்காலி சரியாக இருக்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் பகல் வெளிச்சம், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும், திரும்பி உட்காரச் சொல்லுங்கள். எல்லாரும் தங்கள் சொந்தப் படத்தை மறைத்துவிட்டால் (ஜூமில் 'ஹைட் செல்ஃப் வியூ') தன் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சாப்பிடும் கூச்சம் இருக்காது. அது மற்றவர்களுக்குத் தெரிவதை மாற்றாது.

மொபைல் டேட்டாவில் இணையும் வீடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரூப் வீடியோ தெளிவாக ஓடினால் மணிக்கு 1 ஜிபிக்கு மேலேயும் போகலாம். நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் என்றால் பாயசம் வரும்போது வேகம் விழுந்துவிடும். அந்த வீட்டில் ஆப்பின் 'எச்டி' தேர்வை அணைத்துவிடலாம், ஒலிக்குத் தேவை மிகக் குறைவு.

மாம்பலவாசி

பாலா சார், அப்பா அம்மாவுக்காக அந்த வீட்டில் டிவியில் போடலாம் என்று இருக்கிறோம். போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்தால் போதுமா?

ஒலிக்கூடம் பாலா

காஸ்ட் வேண்டாம். போனிலிருந்து ஒயர் இல்லாமல் போகும் ஒலி டிவியில் சற்றுத் தாமதமாக வரும். ஆப்பின் எதிரொலி நீக்கி அவ்வளவு தாமதத்தை எதிர்பார்ப்பதில்லை. டிவியிலிருந்து வரும் மற்றவர்கள் குரலை உங்கள் பேச்சு என்றே நினைத்து மறுபடி அனுப்பிவிடும், ஐந்து ஊருக்கும் எதிரொலி.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணையுங்கள். இணைத்ததும் ஒலியும் தானாக டிவிக்குப் போய்விடும். ஜூமின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கரை மறுபடி லேப்டாப்புக்கே மாற்றிவிடுங்கள். படம் டிவியில், ஒலி லேப்டாப்பில். கேட்பதற்கு அது போதவில்லை என்றால் ஒயர் ஸ்பீக்கர் ஒன்றை லேப்டாப்பில் செருகி, பெரியவர்கள் கைக்கெட்டும் தூரத்தில், லேப்டாப் மைக்கிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதை விட ஸ்பீக்கரைக் கிட்டே கொண்டுபோவதுதான் காது மந்தமானவர்களுக்கு உதவும், அறை எதிரொலி குறைந்து சொல் தெளியும். கேமராவுக்காக லேப்டாப்பை டிவிக்கு நேர் கீழே ஸ்டூலில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அவர்கள் எல்லாரையும் விட்டு வேறெங்கோ பார்ப்பது போலத் தெரியும். ஜூமில் எழுத்து ஓட்டமாகக் கேப்ஷன் வரும் வசதி உண்டு, ஆனால் தமிழ்ப் பேச்சில், அதுவும் பலர் பேசும்போது, அதை நம்பி உட்கார வைக்காதீர்கள்.

இதையெல்லாம் சனிக்கிழமை மாலை முதல் தடவையாகச் செய்ய வேண்டாம். வியாழன் இரவு அந்த வீட்டோடும் துபாய் வீட்டோடும் மட்டும் பத்து நிமிஷம் இணைந்து பாருங்கள். சாப்பிடப் போகும் அதே மேசையில், அதே கருவியில், ஃபேன் ஓட விட்டு, தட்டில் கரண்டியைத் தட்டிப் பார்த்து. துபாய் வீடு ஆபீஸ் லேப்டாப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதில் சில நேரம் ஜூம் தடை செய்யப்பட்டிருக்கும், அதுவும் அன்றே தெரிந்துவிடும்.